முப்பத்தொன்றாம் கார்டின் நீலத் தொப்பி

டூசான், அரிசோனா
பிப்ரவரி 12, 1978

அன்புள்ள லுட்விக் அத்தானுக்கு,

லோரெட்டா எழுதுகிறேன். நானும் ஜெனி அக்காவும் இங்கே சுகமாக இருக்கிறோம். ஈரியில் பனி இடுப்புவரை கிடக்கிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். அந்த முட்டி வலியோடு நீங்களே மண்வாரியைத் தூக்கிக்கொண்டு வாசலில் இறங்காதீர்கள். பக்கத்து வீட்டில் யாரையாவது கூப்பிடுங்கள்.

இத்துடன் ஒரு பேஸ்பால் ஆட்டக்காரர் படக் கார்டு வைத்திருக்கிறேன். எங்கள் சர்ச்சில் நடந்த பழைய சாமான் விற்பனையில், ஒரு பெட்டியின் அடியில் கிடந்தது. பின்பக்கம் ஃபென்விக் மிட்டாய், ஈரி என்று போட்டிருக்கிறது. உங்கள் வீட்டில் நான் பார்த்த ஃபென்விக் கார்டுகளில் எல்லோருக்கும் பச்சைத் தொப்பிதான். இதில் நீலமாக இருக்கிறது. அச்சில் ஒரு புள்ளி இடம் மாறி விழுந்தாலும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தேடுகிறவர் ஆயிற்றே நீங்கள், பார்த்துச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டு ஆரின் ஹாஸ்கல், மனைவியை இழந்தவர், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அக்காவைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டார். அக்கா சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆனால் போன வாரம் வக்கீலைப் பார்த்துவிட்டு வந்தாள். விவாகரத்துக் காகிதம் செப்டம்பரில் உங்களுக்கு வருமாம். நான் சொன்னதாக யாருக்கும் தெரிய வேண்டாம்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். உடனே பதில் போடுங்கள்.

உங்கள் மச்சினி,
லோரெட்டா


ஈரி, பென்சில்வேனியா
பிப்ரவரி 24, 1978

அன்புள்ள லோரெட்டாவுக்கு,

உன் கடிதமும் அதற்குள் இருந்ததும் மடங்காமல் வந்து சேர்ந்தன. நான் சுகம். வாசல் பனியை நானேதான் வாரினேன், முட்டி ஒன்றும் சொல்லவில்லை.

இனி உட்கார்ந்துகொண்டு படி. நீ அனுப்பியது 1954-ஆம் வருடத்து ஃபென்விக், முப்பத்தொன்றாம் எண், ஸ்டான் வோய்ச்சிக். இந்த ஒரு கார்டில் மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு பிரதிகளை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். அத்தனையிலும் தொப்பி பச்சை. அச்சில் பச்சை என்று தனி மை கிடையாது. நீலப் புள்ளிகளின் மேல் மஞ்சள் புள்ளிகள் விழுவதுதான் நம் கண்ணுக்குப் பச்சை. உன் கார்டின் தொப்பியை லென்ஸில் அரை மணி நேரம் பார்த்தேன். நீலப் புள்ளி மட்டும்தான். மஞ்சள் ஒன்றுகூட இல்லை. அப்படியென்றால் மஞ்சள் மை ஏறாமலே ஒரு தாள் அச்சு இயந்திரத்தைவிட்டு வெளியே வந்து, யார் கண்ணிலும் படாமல் வெட்டப்பட்டு மிட்டாயோடு கடைக்குப் போயிருக்கிறது. அப்படி ஒரு தாள் இருக்க வேண்டும் என்று பன்னிரண்டு வருடத்துக்கு முன்பே என் இதழில் எழுதினேன். சிரித்தார்கள்.

இதழ் என்றால் நாலு பக்கம்தான், உனக்கே தெரியும். ஆனால் என்னைப்போல் அச்சு வேறுபாடு தேடுகிற நூற்றறுபது பேர் நாடு முழுக்க அதை எதிர்பார்த்துக் கொண்டிருக்கிறார்கள்.

காகிதம் வந்தால் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறேன். அதில் எனக்குச் சிரமம் ஒன்றுமில்லை.

அங்கே மரங்கள் பூக்கும் மாதத்தில் ஜெனிக்கு இழுப்பு வரும் என்று எப்போதோ எழுதியிருந்தாய். அது மார்ச்சா, ஏப்ரலா என்று மறந்துவிட்டது. உன் உடம்பையும் பார்த்துக்கொள்.

அன்புடன்,
லுட்விக்


டூசான்
மார்ச் 15, 1978

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் இருவரும் நலம். உங்கள் நலத்தைக் கேட்கத்தான் வேண்டுமா என்று யோசித்தேன். கல்லுக்கு என்ன சுகக்கேடு வரப் போகிறது.

நான் இரண்டு விஷயம் எழுதியிருந்தேன். தொப்பிக்கு ஒரு பக்கம், பெண்டாட்டிக்கு இரண்டு வரி. அதுவும் "சிரமம் ஒன்றுமில்லை". படித்துவிட்டு அடுப்பங்கரையில் அரை மணி நேரம் தனியாகத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அக்கா உங்களோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தவள் இல்லை. 69-இல் அந்த ஏரிக் காற்று அவள் நெஞ்சுக்கு ஆகாது, ஒரு குளிர்காலம் வறண்ட ஊரில் இருக்கட்டும் என்று டாக்டர் சொன்னார். நான் ஒண்டிக்கட்டையாக இருக்கிறேன் என்று என் வீட்டுக்கு வந்தாள். ஒரு குளிர்காலத்துக்கு வந்தவள் ஒன்பது வருடமாக இருக்கிறாள். நீங்கள் வா என்றும் கூப்பிடவில்லை, நான் வருகிறேன் என்றும் சொல்லவில்லை. வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு நம் சர்ச்சில் கொடுக்கும் மெல்லிய அப்பத்தை உறையில் போட்டு அனுப்புகிறீர்கள். அதோடு ஒரு வரி உண்டா? உறையை உதறிக்கூடப் பார்த்திருக்கிறாள், நான் பார்த்தேன். வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருக்கிறீர்கள்?

ஹாஸ்கல் நல்ல மனிதர். அதுதான் தொந்தரவு. குடிக்க மாட்டார், சத்தம் போட மாட்டார். மின்விசிறி நின்றால் வந்து சரிசெய்வார். போகும்போது, "சாப்டீங்களா ஜெனி? மொகமே சரியில்லையே"ன்னு கேட்பார். அவ்வளவுதான் அவர் செய்வது.

இழுப்பு ஏப்ரலில்தான் வரும். மறந்துவிட்டதாம். நம்பிவிட்டேன்.

காய்ச்சல் சளி வராமல் இருங்கள்.

லோரெட்டா


ஈரி
ஏப்ரல் 9, 1978

அன்புள்ள லோரெட்டாவுக்கு,

இங்கே ஏரியில் பனிக்கட்டி உடைந்துவிட்டது. நான் சுகம். நீ கோபமாக இருக்கிறாய் என்பது கையெழுத்தின் சாய்விலிருந்து தெரிந்தது.

ஏப்ரல் இதழ் போய்விட்டது. முதல் பக்கத்திலேயே, முப்பத்தொன்றாம் எண்ணின் இரண்டாவது வகை என்று போட்டேன்: "31-ஆ. வோய்ச்சிக், நீலத் தொப்பி, மஞ்சள் மை இல்லை. ஒரு பிரதி." ஒரு வேறுபாட்டை இரண்டு ஊர்களில், ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர் பார்த்தால்தான் பட்டியலில் ஏற்ற வேண்டும் என்பது விதி. விதியைப் போட்டவன் நான்தான். இந்த ஒரு தடவை தளர்த்திவிட்டேன். இருபது வருடம் தேடியவனுக்கு அந்த உரிமை உண்டு என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பெட்டியை யார் கொண்டுவந்து கொடுத்தார்கள் என்று உங்கள் ஃபாதரிடம் விசாரிக்க முடியுமா? அதே தாளில் வெட்டிய வேறு கார்டும் அந்த வீட்டில் இருக்கலாம். ஃபென்விக் மிட்டாய் இந்த ஏரிக்கரையைத் தாண்டி எங்கேயும் விற்கவில்லை. டூசான்வரை ஒன்று எப்படிப் போயிற்று என்பதே வியப்பாக இருக்கிறது.

அந்த ஹாஸ்கல் என்ன வேலை பார்த்தவர்? சும்மா கேட்டேன்.

இது ஏப்ரல். ஜெனி சாயங்காலம் வெளியே போகும்போது மூக்கை மூடிக்கொள்ளச் சொல். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

லுட்விக்


டூசான்
ஏப்ரல் 28, 1978

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். நலமறிய அவா.

ஹாஸ்கல் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். சும்மா சொன்னேன்.

அக்காவுக்கு இந்த வருடம் இழுப்பு கொஞ்சம் அதிகம். இரண்டு நாள் படுத்திருந்தாள். மூன்றாம் நாள் ஹாஸ்கல் கோழி சூப் கொண்டுவந்தார். தானே வைத்ததாம். உப்பே இல்லை. அக்கா முழுவதையும் குடித்தாள். "நல்லாருக்கா அக்கா?"ன்னு கேட்டேன். "நல்லால்ல. ஆனா கொண்டாந்தார்ல"ன்னு சொன்னாள்.

பெட்டியைப் பற்றி ஃபாதருக்கு ஒன்றும் தெரியவில்லையாம். நிறைய பெட்டிகள் வந்தனவாம்.

உங்கள் மச்சினியாக ஒன்று சொல்கிறேன். அந்தக் கார்டை ஒரு தடவை லென்ஸை வைத்துவிட்டு வெறும் கண்ணால் பாருங்கள். நீங்களே சொன்னது போல, ஏரிக்கரை மிட்டாய்க் கார்டு இந்தப் பாலைவனத்துக்கு யாரோடு வந்திருக்க முடியும் என்றும் யோசியுங்கள். இதற்கு மேல் என்னால் சொல்ல முடியாது. சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்று ஆகிவிட்டது என் நிலைமை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

லோரெட்டா


ஈரி
ஜூன் 4, 1978

அன்புள்ள லோரெட்டாவுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். உடம்புக்கு ஒன்றுமில்லை. மனம்தான் சரியில்லை.

மோலீன் என்ற ஊரில் மில்ட்ரெட் ஓக்ஸ் என்று ஒரு அம்மாள் இருக்கிறார். என் இதழின் வாசகர்களில் ரொம்பக் கறாரானவர். போன வாரம் அவரிடமிருந்து கடிதம். அப்படியே எழுதுகிறேன்: "அய்யா, மஞ்சள் மை ஏறலைன்னா சிவப்பு ஏன் வெளுத்திருக்கு? நீங்க போட்ட படத்துல பேர் எழுதின சிவப்புப் பட்டை ரோஜா நிறமா இருக்கு. அது அச்சுக் கோளாறு இல்ல, வெயில். வெயில்ல மஞ்சளும் சிவப்பும் ஓடிப்போகும், நீலமும் கறுப்பும் தங்கும். புதுசாச் சேர்க்க ஆரம்பிச்ச புள்ளைங்க பண்ற தப்பு இது. நீங்க பண்ணுவீங்கன்னு நான் நெனைக்கல."

எனக்குக் காது சுட்டது. கார்டை எடுத்துப் பார்த்தேன். சிவப்புப் பட்டையின் அடியில் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு மட்டும் பழைய சிவப்பாக இருக்கிறது. பிப்ரவரியிலேயே அதைப் பார்த்தேன், மை தேங்கியது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீலத் தொப்பி வேண்டும் வேண்டும் என்று இருந்தவன் கண்ணுக்கு நீலத் தொப்பிதான் தெரிந்தது.

ஆனாலும் சோதிக்காமல் ஒத்துக்கொள்ள மாட்டேன். என்னிடம் மிகுதியாக உள்ள இன்னொரு வோய்ச்சிக்கின் பாதியைக் கறுப்புக் காகிதத்தால் மூடி, நாளைக் காலை முன்னறையின் தெற்கு ஜன்னலில் நிறுத்தப் போகிறேன். கோடை முடிவதற்குள் தெரிந்துவிடும்.

ஜெனி எழுந்து நடமாடுகிறாளா? சூப்பில் உப்பு போடச் சொல், அந்த மனிதரை.

லுட்விக்


டூசான்
ஜூன் 20, 1978

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் சுகம். நூற்றெட்டு டிகிரி வெயில். அக்காவின் நெஞ்சு இப்போது தெளிவாக இருக்கிறது.

"யாருக்கு இத்தனை லெட்டர் போடுறே?"ன்னு நேற்று கேட்டாள். கண் டாக்டருக்கு என்றேன். "கண் டாக்டர் ஈரிலயா இருக்கார்?"ன்னாள். உறையைப் பார்த்திருக்கிறாள். அதற்கு மேல் கேட்கவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தவள் ஒரே துண்டை மூன்று தடவை மடித்தாள்.

அத்தான், ஹாஸ்கல் தன் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் விட்டிருக்கிறார். எந்த நிறம் அடிக்கட்டும் என்று அக்காவைக் கேட்டார். அவள் பதில் சொல்லிவிட்டாள். இளம் மஞ்சள். இது எனக்கு நல்ல அறிகுறியாகத் தெரியவில்லை, அல்லது ரொம்ப நல்ல அறிகுறி, யார் பக்கம் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. வக்கீல் செப்டம்பர் பதினெட்டு என்று நாள் குறித்திருக்கிறார். நீங்கள் அங்கே அட்டையை வெயிலில் காயவைத்துக் கொண்டிருக்கிறீர்கள். எல்லாம் கைமீறிப் போன பிறகு கையைப் பிசைந்து என்ன பயன்?

உங்கள் சோதனை சீக்கிரம் முடியட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை மெழுகுவர்த்தி ஏற்றினேன். சிரிக்காதீர்கள்.

லோரெட்டா


ஈரி
ஆகஸ்ட் 6, 1978

அன்புள்ள லோரெட்டாவுக்கு,

நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. முதலில் இதைப் படி. அதன்பின் உனக்குச் சரியென்று பட்டதைச் செய்.

ஜூன் ஐந்தாம் தேதி கார்டை ஜன்னலில் நிறுத்தினேன். படம் அறைக்குள் என்னைப் பார்த்தபடி இருந்தது. ஒரு படத்தை ஜன்னலில் வைக்கிறவன் வேறு எப்படி வைப்பான்? தினமும் வேலைக்குப் போகும்முன் பார்ப்பேன், வந்ததும் பார்ப்பேன். ஐந்து வாரம் நல்ல வெயில். தொப்பி அதே பச்சை. ஓக்ஸ் அம்மாளுக்குக் காரமாக ஒரு பதில்கூட எழுதி வைத்துவிட்டேன்.

ஜூலை பதினொன்றாம் தேதி கார்டை எடுத்துத் திருப்பினேன். பின்பக்கத்துச் சிவப்பு எழுத்தெல்லாம் வெளுத்திருந்தது. அப்போதுதான் இந்த மண்டைக்கு உறைத்தது. வெயில் வெளியிலிருந்து வருகிறது. கண்ணாடியை ஒட்டி நிற்கும் கார்டில் அது தெருவைப் பார்க்கும் பக்கத்தில்தான் விழும். தொப்பி நீலமாக வேண்டுமானால் வோய்ச்சிக் தெருவைப் பார்க்க வேண்டும்.

சரி என்று திருப்பி வைத்தேன். படம் வெளியே, முதுகு என் பக்கம். வைத்த கையை எடுக்க முடியவில்லை, லோரெட்டா.

உனக்கு அப்போது பதினொரு வயது, தெரிந்திருக்காது. 54-இல் உங்கள் அப்பாவுக்கு என்னைக் கண்டால் ஆகாது. துறைமுகத்தில் அவருக்கு எந்த நாள் எந்த ஷிஃப்ட் என்று எனக்குத் தெரியாது. அவர் சாப்பாட்டுப் பெட்டியோடு கிளம்பியதும் ஜெனி நான் வாங்கிக் கொடுத்த மிட்டாயிலிருந்து ஒரு கார்டை எடுத்து முன்ஜன்னலில் தெருவைப் பார்க்கச் செருகி வைப்பாள். நான் எதிர்ச்சாரியில் சும்மா போகிறவன் போல நடந்து வருவேன். கார்டு தெரிந்தால் வாசலுக்குப் போவேன். இல்லாவிட்டால் அப்படியே நடந்து வீட்டுக்குப் போய்விடுவேன். இரண்டு கோடை அப்படித்தான் போயிற்று. உலகத்தில் ஒரு கார்டைத் தெருவைப் பார்க்க ஜன்னலில் வைக்கிற பெண்ணை எனக்கு ஒருத்தியைத்தான் தெரியும்.

அன்று சாயங்காலம் நான் வெளியே போய் எதிர்ச்சாரி நடைபாதையில் நின்று என் வீட்டு ஜன்னலைப் பார்த்தேன். வோய்ச்சிக் தெரிந்தார். பக்கத்து வீட்டு புடாஷ் வந்து, "என்ன லுட்விக், சாவிய உள்ள வெச்சுப் பூட்டிட்டியா?"ன்னு கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அதன்பின் மூன்றரை வாரத்தில் தொப்பியின் மூடாத பாதியில் பச்சை ஒரு படி இறங்கியிருக்கிறது. அவ்வளவுதான். உங்கள் ஊர் வெயில் இதைவிடக் கடுமை என்று வைத்தாலும், நீ அனுப்பிய கார்டில் மஞ்சள் ஒரு புள்ளி இல்லாமல் போயிருக்கிறது. அது ஒரு கோடையில் நடக்காது. நாலு வருடத்துக்குக் குறையாது, ஆறு ஏழுகூட ஆகியிருக்கலாம். சிவப்புப் பட்டையின் அடியில் உள்ள கோடு ஜன்னல் சட்டத்தின் இடுக்கில் மறைந்திருந்த இடம். கோடு ஒன்றுதான் இருக்கிறது, நேராக இருக்கிறது. அந்தக் கார்டை எடுத்து எடுத்து வைக்கவில்லை. வைத்தது வைத்தபடி நின்றிருக்கிறது.

சர்ச் விற்பனை என்று நீ சொன்னதை இனி நம்ப முடியாது. அது உன் வீட்டு ஜன்னல்.

ஆகஸ்ட் இதழில் திருத்தம் போட்டுவிட்டேன்: "31-ஆ நீக்கப்படுகிறது. ஆசிரியரின் தவறு. அது வெயில்." நூற்றறுபது பேர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

ஜெனி எப்படி இருக்கிறாள்?

லுட்விக்


டூசான்
ஆகஸ்ட் 17, 1978

அன்புள்ள அத்தானுக்கு,

சுகம்தான். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு பாட்டம் அழுதேன், பிறகு தெம்பாக இருந்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன், ஒத்துக்கொள்கிறேன். சர்ச்சில் விற்பனையும் நடக்கவில்லை, பெட்டியும் கிடையாது. அது தெருவைப் பார்த்த என் சமையலறை ஜன்னலில் இருந்த கார்டு. ஜனவரியில் ஒரு நாள் அக்கா அதைப் பிடுங்கிக் குப்பைக் கூடையில் போட்டாள். "ஏங்க்கா?"ன்னு கேட்டேன். "ஒருத்தர் கேட்டிருக்கார். இன்னொருத்தர் கார்ட ஜன்னல்ல வெச்சுக்கிட்டு அவருக்கு என்ன பதில் சொல்றது?"ன்னாள். அதன் அர்த்தம் எனக்கு அப்போது விளங்கவில்லை. ஆனால் போட்டவள் கூடைப் பக்கமே திரும்பாமல் உட்கார்ந்திருந்தது விளங்கியது. அவள் குளிக்கப் போனதும் எடுத்துத் துடைத்து உங்களுக்கு அனுப்பினேன். வேறு எதைச் சொன்னாலும் உங்கள் காதில் ஏறாது, கார்டு என்றால் ஏறும் என்றுதான்.

உங்கள் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தாள். பிறகு, "இவருக்குத் தெரிஞ்சுபோச்சா"ன்னு மட்டும் சொன்னாள். ஏற்கெனவே கழுவியிருந்த தட்டுகளை மறுபடி கழுவினாள். சாயங்காலம் ஹாஸ்கல் வந்தபோது தலைவலி என்று சொல்லச் சொன்னாள்.

இனி நான் நடுவில் இல்லை. என் பங்கு முடிந்தது. நீங்கள் இரண்டு பேரும் பேசுங்கள், அல்லது இரண்டு பேரும் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருங்கள்.

என்றும் உங்கள் நலம் நாடும்,
லோரெட்டா


டூசான்
ஆகஸ்ட் 27, 1978

லுட்விக்,

நான் நலம். நீ நலம் என்று லோரெட்டாவின் கண் டாக்டர் கடிதங்களிலிருந்து தெரிந்துகொண்டேன்.

நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். வெயில், மை, இடுக்கு, கோடு எல்லாம் சரி. வருடம் மட்டும் தவறு. நாலும் இல்லை, ஏழும் இல்லை. எட்டு. 70 ஏப்ரலில் வைத்தேன். குளிர்காலம் முடிந்துவிட்டது, நீ எழுதுவாய் என்று பார்த்திருந்தேன், எழுதவில்லை. பெட்டியில் துணிக்கு அடியில் அந்தக் கார்டு கிடந்தது. செருகி வைத்தேன். வைக்கும்போது எனக்கே சிரிப்பு வந்தது. ஈரியில் இருக்கிற ஆளுக்கு டூசானில் அடையாளம் வைக்கிற பைத்தியம் வேறு யார் இருப்பார்கள்? தபால்காரர் ஒரு நாள், "யாரும்மா அது, உங்க தம்பியா?"ன்னு கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு எடுக்க மனம் வரவில்லை. தெருவில் யார் நடந்துபோனாலும் எட்டு வருடம் தலையைத் தூக்கிப் பார்த்திருக்கிறேன். எனக்கு ஐம்பது வயதாகப் போகிறது, இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இப்போது நான் சொல்வதைக் கேள். நீ என்னிடம் எதையுமே கேட்டது கிடையாது. கல்யாணத்துக்குக்கூட என்னைக் கேட்கவில்லை, அப்பாவைக் கேட்டாய். அவர் என்னிடம் வந்து, "அட்டைப்பெட்டிக் கம்பெனியில வேலை பாக்குற அந்தப் பையனுக்கு என்ன சொல்லட்டும்?"ன்னார். கார்டு வைக்க வேண்டியவள் நான், பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியவன் நீ. அன்றைக்கு அது அழகாக இருந்தது. இருபத்து நாலு வருடம் அதையே செய்ய முடியாது.

ஆரின் என் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, என்னைக் கேட்டார். எனக்கு அவர்மேல் ஆசை என்று சொல்ல மாட்டேன். ஒருவர் கேட்டார் என்பதே எனக்கு எவ்வளவு பெரிதாக இருந்தது என்று உனக்குப் புரியாது.

நான் காத்திருந்தேன் என்று பக்கம் பக்கமாக நிரூபித்திருக்கிறாய். அது எனக்குத் தெரிந்த விஷயம்தானே, லுட்விக். எனக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. உனக்கு என்ன வேண்டும்? அதைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. "ஜெனி எப்படி இருக்கிறாள்" என்று முடித்திருக்கிறாய். அதையும் என் தங்கையிடம் கேட்டிருக்கிறாய்.

காகிதம் வக்கீல் மேசையில் இருக்கிறது. பதினெட்டாம் தேதி அனுப்புவார்.

முட்டிக்கு ஒத்தடம் கொடு.

ஜெனி


ஈரி
செப்டம்பர் 2, 1978

ஜெனி,

நான் நலமாக இல்லை. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்பது வருடமாக லோரெட்டாவுக்கு நலம் நலம் என்று எழுதியது பொய்.

கேட்காமல் இருந்ததற்குக் காரணம் பயம். வேறு ஒன்றும் இல்லை. கார்டு விஷயத்தில் தவறாகச் சொல்லிவிட்டால் அடுத்த இதழில் திருத்தம் போடலாம். உன்னைக் கேட்டு நீ இல்லை என்று சொல்லிவிட்டால் அதற்கு அடுத்த இதழ் கிடையாது. அதனால் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவேன், உன் பெயரை எழுதுவேன், பிறகு அப்பத்தை மட்டும் உறையில் போட்டு ஒட்டிவிடுவேன். அந்தக் காகிதங்களைத் தூக்கிப் போடவில்லை. ஒன்பதும் இருக்கின்றன, ஒன்பதிலும் உன் பெயர் மட்டும் இருக்கிறது.

நீ இந்த ஊருக்குத் திரும்ப முடியாது, உன் நெஞ்சுக்கு ஆகாது என்று எனக்குத் தெரியும். அதனால் வா என்று கூப்பிடவில்லை. எனக்கு உன்னோடு இருக்க வேண்டும், ஜெனி. நீ இருக்கிற ஊரில், நீ இருக்கிற வீட்டில். மின்விசிறி எனக்குச் சரிசெய்யத் தெரியாது. சூப்பும் வைக்கத் தெரியாது. சாப்பிட்டாயா என்று தினமும் கேட்கக் கற்றுக்கொள்வேன்.

நான் இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை, பெட்டி கட்டவில்லை. கேட்காமல் எதையும் செய்யக் கூடாது என்று இருக்கிறேன்.

நான் வரட்டுமா?

லுட்விக்